மண்ணின் கதையைப் படித்தவர்

நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண் எப்படி உண்டாயிற்று என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அதையே தம் வாழ்நாள் கேள்வியாகக் கொண்டவர் ரஷ்ய அறிஞர் வசீலி டொக்குச்சாயெவ்.

1846-ஆம் ஆண்டு, ஸ்மலென்ஸ்க் பகுதியின் சிற்றூர் ஒன்றில், கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தந்தையின் வழியில் சமயக் கல்வி பயின்றவர், பின்னர் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் கற்று 1871-இல் பட்டம் பெற்றார்.

பாறை பொடிந்ததே மண் என்று அந்நாளில் பலரும் கருதினர். 1877 முதல் ரஷ்யப் புல்வெளிகளில் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் சுற்றி, குழி தோண்டி ஆராய்ந்த அவர் வேறோர் உண்மையைக் கண்டார். புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே மடிந்து மக்குவதால் அங்கே மண் ஆழம்வரை கறுத்துச் செழித்திருந்தது. வடக்குக் காடுகளிலோ சருகு மேற்பரப்பிலேயே மக்குவதால் அடிமண் வெளிறிக் கிடந்தது. சரிவுகளில் மண் மெலிந்தும், சமநிலத்தில் தடித்தும் இருந்தது. தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை ஆக்குகின்றன என்பதை 1883-இல் வெளிவந்த 'ரஷ்யக் கறுப்பு மண்' என்ற நூலில் விளக்கினார்.

1891-இல் கொடிய வறட்சி வந்தது. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பொன் விளையும் பூமியில் பஞ்சம் ஏன்? புல்வெளிகளை உழுது தீர்த்ததால், பனியைத் தாங்கிப் பிடிக்கப் புல் இல்லை. காற்று பனியை அடித்துச் சென்றது. உருகிய நீரோ நிலத்தை அரித்துக்கொண்டு வீணாக ஓடியது. இதை விளக்கி 1892-இல் அவர் எழுதிய நூல், பஞ்சத்தால் வாடியோரின் உதவிக்கென்றே வெளியிடப்பட்டது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அவ்வாண்டே ஒரு குழுவினருடன் வரோனெஷ் பகுதியின் 'கல் புல்வெளி'க்குச் சென்றார். வயல்களுக்கிடையே ஓக் முதலிய மரங்களை வரிசை வரிசையாக நடச் செய்தார். ஓடைகளில் குளங்கள் அமைத்தார். மரவரிசை காற்றைத் தடுக்கும், பனியைத் தேக்கும், ஈரத்தைக் காக்கும் என்பது அவர் கணக்கு.

1897-இல் அவருடைய மனைவி அன்னா காலமானார். அத்துயரோடு நோயும் அவரை வாட்டியது. தாம் நட்ட கன்றுகள் ஓங்கி வளர்வதைக் காணாமலே 1903-இல் அவர் கண்மூடினார்.

நூறாண்டுகளுக்கு மேலாகியும் அம்மரவரிசைகள் வயல்களைக் காத்து நிற்கின்றன. அவற்றின் நிழலில் மண்ணும் மீண்டும் செழித்து வருகிறது. நட்டவரே நிழலில் அமர வேண்டும் என்பதில்லை. நம் பள்ளித் தோட்டத்தில் கன்று நடும்போது நாமும் இதை நினைவில் கொள்வோமாக.