நிர்வாகக் கலையில் ஒரு விஞ்ஞானி: டாக்டர் விக்ரம் சாராபாய்

இன்றைய அலுவலகங்களில் தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி என்று பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசுப் பணியில் இருந்த காலத்தில் நானும் அப்படிப் பல வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் கற்றதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்துத் தெரிந்துகொண்டது அதிகம். அவர்தான் டாக்டர் விக்ரம் சாராபாய். நமது விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று அவரை எல்லோரும் அறிவோம். இந்தியாவில் மேலாண்மைக் கல்விக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

1919 ஆகஸ்ட் 12ஆம் தேதி அகமதாபாத்தில் செல்வம் மிகுந்த ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்து 1940இல் பட்டம் பெற்றார். போர்க்காலமாதலால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் அண்டக் கதிர்கள் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1942இல் சென்னை வழக்கறிஞர் டாக்டர் சுவாமிநாதன் – அம்மு சுவாமிநாதன் தம்பதியரின் மகளான நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில், 28 வயதில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். ஒரு கல்லூரிக் கட்டடத்தின் சில அறைகள்தான் அதன் இடம். நிறுவியவர் அவர், முயற்சியும் அவருடையது. ஆனால் இயக்குநர் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்தவரும், ராமனிடம் பயின்றவருமான டாக்டர் கே.ஆர். ராமநாதன் 1948இல் வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். அவரை அழைத்து முதல் இயக்குநராக்கினார் சாராபாய். 55 வயதில் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் அதன்பின் 1966 வரை அந்தக் கூடத்தை நடத்தினார். அதுவரை சாராபாய் அவருக்குக் கீழ் பேராசிரியராகவே இருந்தார். ஓய்வு பெற்ற எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தன்னைவிட அனுபவசாலி ஒருவரைத் தனக்கு மேலே அமர்த்துவதற்குத் துணிவும் வேண்டும், பெருந்தன்மையும் வேண்டும்.

அதே 1947இல் அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கமான அதிராவையும் அமைத்தார். வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான மில் முதலாளிகளை ஒரே ஆராய்ச்சிக் கூடத்திற்குப் பணம் போட வைத்தது சாதாரண வேலையல்ல. ஜவுளித் தொழில் அனுபவமே இல்லாத இளம் விஞ்ஞானிகளை அங்கே சேர்த்துக்கொண்டார். நூலையும் தறியையும் ஆராய்ந்தால் போதாது, தறி ஓட்டும் மனிதனையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று கருதி, உளவியல் அறிஞர் கமலா சௌத்ரியின் பொறுப்பில் தனிப் பிரிவு ஏற்படுத்தினார். அந்தக் காலத்தில் இது புதுமை. 1956இல் அதிராவின் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார்.

1961 டிசம்பரில் அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனம் உருவானபோதும் இதே கதைதான். மத்திய அரசு, குஜராத் அரசு, தொழில்துறை ஆகிய மூவரையும் ஒன்று சேர்த்து, ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்பையும் பெற்றார். உண்மையான நிறுவனங்களின் பிரச்சினைகளை மாணவர்கள் முன் வைத்து விவாதிக்கச் செய்யும் முறை அப்படித்தான் அங்கே வந்தது. சாராபாய் கௌரவ இயக்குநராக இருந்தார். 1965இல் 38 வயதான ரவி மத்தாய் முழுநேர இயக்குநரானார். மத்தாய் ஏழாண்டுகளுக்குப் பின் தாமாகவே பதவியை விட்டிறங்கி, அதே நிறுவனத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார். நிறுவியவர் காட்டிய வழி அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தும்பா கதை நமக்குத் தெரிந்ததே. மீனவ கிராமம், மாதா கோவிலே ஆராய்ச்சிக் கூடம், பிஷப் இல்லமே அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்க ராக்கெட். நம் கையால் ஏவுகலம் செய்ய முடிவானபோது, அதன் நான்கு கட்டங்களையும் கோவாரிகர், குருப், முத்துநாயகம், அப்துல் கலாம் என்று நால்வரிடம் பிரித்துக் கொடுத்தார். அவர்களில் எவரும் அதற்கு முன் செயற்கைக்கோளை ஏவும் கலம் எதுவும் செய்தவரல்லர். அனுபவம் வரட்டும், பிறகு பொறுப்பு தரலாம் என்று காத்திருந்தால் அனுபவம் எங்கிருந்து வரும்?

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோள்மீது வந்தது. விண்வெளிப் பணியும் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடமும் அதனுடன் சேர்ந்துகொண்டன. அகமதாபாத், பம்பாய், டில்லி, திருவனந்தபுரம் என்று ஓயாத பயணம். பிறருக்குப் பொறுப்பைப் பங்கிட்டுத் தரத் தெரிந்தவர், தன் சுமையைக் குறைத்துக்கொள்ளத் தெரியாதவராக இருந்தார். 1971 டிசம்பர் 30 அன்று, தும்பா பணிகளைப் பார்வையிட வந்த இடத்தில், கோவளத்தில் உறக்கத்திலேயே காலமானார். வயது 52. அப்போது நான் கல்லூரி மாணவன். இனி ராக்கெட்டாவது ஒன்றாவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

நடந்தது வேறு. 1972இல் சதீஷ் தவான் விண்வெளிப் பணியின் தலைமையை ஏற்றார். 1975 ஏப்ரலில், சாராபாயின் மாணவரான யு.ஆர். ராவ் தலைமையில் உருவான ஆரியபட்டா விண்ணில் சுற்றியது. 1975–76இல் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி சென்றது. அந்தக் கனவும் அவருடையதே. நால்வருக்குப் பிரித்துக் கொடுத்த ஏவுகலம், கலாம் தலைமையில் 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றது.

நல்ல தலைவனுக்கு இதைவிடப் பெரிய தேர்வு கிடையாது. அவன் போன மறுநாள் அலுவலகம் திறக்கிறதா, வேலை நடக்கிறதா என்று பார்த்தால் போதும். நம் உறுப்பினர் குடும்பங்களில் பல இளைஞர்கள் பெரிய நிறுவனங்களில் பத்துப் பேருக்கோ நூறு பேருக்கோ மேலாளராக இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு. உங்கள் வேலையைச் செய்யக்கூடிய இருவரையாவது இந்த ஆண்டே தயார் செய்யுங்கள். அப்படித் தயார் செய்தபின், மாலையில் நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள். முதலாவதை சாராபாய் செய்து காட்டினார். இரண்டாவதற்கு அவருக்கு வாய்க்கவில்லை.