மக்சிம் துப்பாக்கியும் மகனின் வானொலியும்

மக்சிம் என்றதும் பலருக்கு நினைவு வருவது இயந்திரத் துப்பாக்கிதான். 1884 இல் அதை உருவாக்கியவரின் மகன் ஹிராம் பேர்சி மக்சிம். 1869 இல் அமெரிக்காவின் புரூக்ளினில் பிறந்த இவரும் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவியைச் செய்து விற்றவர். ஆனால் அமெச்சூர் வானொலியாளர்கள் இவரை நினைவுகூர்வது வேறொரு காரணத்துக்காக.

ஹார்ட்போர்ட் நகரிலிருந்த தன் வீட்டில் ஒரு கிலோவாற் வலுக்கொண்ட நிலையத்தை மக்சிம் அமைத்திருந்தார். 1914 ஏப்ரலில், தன் நிலையத்துக்கென ஸ்பிரிங்பீல்டில் ஒருவரிடமிருந்த வால்வை வாங்க விரும்பினார். தூரம் 30 மைலுக்கும் குறைவு. ஆனாலும் அவருடைய சமிக்ஞை அங்கே எட்டவில்லை. இடைவழியில் வின்ட்சர் லொக்சில் இருந்த இன்னொருவர் அதைக் கேட்டு அஞ்சல் செய்து கொடுத்தார்.

ஒரு வீட்டு நிலையம் தனித்து எட்டாத தூரத்தைப் பல வீடுகள் சேர்ந்து எட்டலாம் என்று மக்சிம் கண்டுகொண்டார். அதே ஆண்டில் கிளாரன்ஸ் டஸ்காவுடன் சேர்ந்து அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கத்தைத் தொடங்கினார்.

1917 இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், அமெச்சூர் நிலையங்களை மூடி அன்ரனாக்களை இறக்கும்படி உத்தரவு வந்தது. போர் ஓய்ந்த பிறகும் தடை உடனே நீங்கவில்லை. வானொலியைத் தன் பிடியிலேயே வைத்திருக்கக் கடற்படை விரும்பியது. மக்சிமும் சங்கத்தினரும் விடாது வாதாடினர். 1919 ஒக்டோபரில்தான் வீடுகளிலிருந்து மீண்டும் ஒலிபரப்ப முடிந்தது.

1936 பெப்ரவரி 17 இல் மக்சிம் காலமானார். அவருடைய அழைப்புக்குறியான டபிள்யூ1ஏடபிள்யூ, சங்கத்தின் நிலையத்திலிருந்து இன்றும் ஒலிக்கிறது.