தாமே கற்ற ஜார்ஜ் பூல்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815ஆம் ஆண்டு ஜார்ஜ் பூல் பிறந்தார். அவர்தம் தந்தை காலணி தைப்பவர். ஆயினும் அறிவியலில் பேரார்வம் கொண்டவர். அவரே மகனுக்குக் கணிதத்தின் முதற்பாடங்களைக் கற்பித்தார்.

தந்தையின் தொழில் நொடித்தமையால், பூல் தம் 16ஆம் வயதிலேயே ஆசிரியப் பணியேற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். 19ஆம் வயதில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். மாணவர்க்குக் கற்பித்தது போக எஞ்சிய பொழுதில் உயர்கணிதம் பயின்றார். பிரெஞ்சு மொழியையும் தாமே கற்றார். ஐயம் தீர்ப்பார் இன்மையால் ஆண்டுகள் பல கழிந்தன. எனினும் அவர் தளரவில்லை.

பல்கலைக்கழகத்தில் பயிலாத அவர், 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1854இல் வெளியிட்ட நூலில், கூற்று மெய்யாயின் 1, பொய்யாயின் 0 எனக் குறித்து, சிந்தனையையும் கணக்கைப்போல் செய்து பார்க்கலாம் எனக் காட்டினார்.

1864இல் ஒருநாள் மழையில் நனைந்தவாறே கல்லூரிக்கு நடந்து சென்று, ஈர உடையுடன் பாடம் நடத்தினார். பின்னர்க் காய்ச்சலுற்று, 49ஆம் வயதில் மறைந்தார்.

மின்சுற்றின் திறப்பையும் மூடலையும் பூலின் கணிதத்தால் விளக்கலாம் என 1937இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்று கணினியியல் கற்பார் தொடக்கத்திலேயே பயில்வனவற்றுள் பூலின் இயற்கணிதமும் ஒன்று.