கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல

மூளையில் கட்டி என்று வைத்தியர் சொன்னதும், அன்பு வாசகரே, வவுனியாவிலென்ன, முல்லைத்தீவிலென்ன, வீட்டார் மனமுடைந்து போகின்றனர். அவர்கள் சென்னை டாக்டர் பி. இராமமூர்த்தியைப்பற்றி அறிந்திருப்பது நல்லது.

1922இல் சீர்காழியில் பிறந்த இவர், சென்னையில் மருத்துவம் கற்று, இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளைச் சத்திரசிகிச்சை பயின்றார். 1950இல் சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் அப்பிரிவைத் தொடங்கினார். (வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இலேயே தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அந்நாளில் ஸ்கேன் ஏது? மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி, எக்ஸ்ரே எடுத்தே கட்டி இருக்குமிடத்தை ஊகித்தனர்.

மண்டையைத் திறந்தால், மேல்நாடுகளில் அருகிவிட்ட ஒன்று இங்கே அடிக்கடி அகப்பட்டது. அதுதான் காசநோய்க் கட்டி. காசநோய் என்றதும் நமக்கு நெஞ்சும் இருமலுமே நினைவுக்கு வரும். அது மூளையிலும் கட்டியாகத் திரளும். புற்று அன்று; மருந்துக்கு அடங்குவது. ஆகவே பிரித்தறிவதிலேயே நோயாளியின் உயிர் தங்கியிருந்தது. அதை இனங்காணும் வழிகளை ஆராய்ந்து, சக வைத்தியர் ஒருவருடன் 1961இல் கட்டுரை வெளியிட்டார்.

பின்னர் ஸ்கேன் வந்தது. 2003இல் அவர் காலமாகுமுன்னரே, தலையைத் திறவாமல், மாதக்கணக்கில் விடாது உட்கொண்ட மாத்திரைகளாலேயே பலருக்கு இக்கட்டி கரையலாயிற்று.