மொன்டிசோரி அம்மையாரும் மலையகத்துப் பிள்ளைக் காம்பராக்களும்

மலையகத்தில் முன்பள்ளியைப் பலரும் மொன்டிசோரி என்றே அழைக்கின்றனர். எனினும், அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதும், தமது கல்வி முறையை அவர் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளிடையே உருவாக்கினார் என்பதும் நம்மில் பலருடைய நினைவில் இல்லை.

மரியா மொன்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமூகம் விரும்பாத அக்காலத்தில், எதிர்ப்புகளைக் கடந்து 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மனநலச் சிகிச்சை நிலையத்தில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட சிறுவர்களைக் கண்டார். அவர்களுக்கு மருந்தைவிட அதிகம் தேவைப்பட்டது கைகளால் தொட்டுப் பழகும் கல்வியே என்பதை உணர்ந்தார்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதலாவது குழந்தைகள் இல்லம் அவரது பொறுப்பில் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சுமார் 50 பிள்ளைகளே அதன் முதல் மாணவர்கள். அவர்கள் கட்டடத்தைப் பாழாக்குவதைத் தடுப்பதே உரிமையாளர்களின் நோக்கமாக இருந்தது. அம்மையாரோ அப்பிள்ளைகளை ஊன்றிக் கவனித்தார். அவர்கள் தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளையும், தாமே தெரிந்தெடுத்துப் பழகும் பொருள்களையும் தந்தார். செடிகளுக்கு நீரூற்றுவதும் உயிரினங்களைப் பேணுவதும் கல்வியின் பகுதியாயின. நாம் விளையாட்டு என்று ஒதுக்குவதை அவர் குழந்தையின் உழைப்பு என மதித்தார்.

இம்முறை உலகெங்கும் பரவியது. ஆயினும் முசோலினியின் ஆட்சியுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 1934 இல் அவர் இத்தாலியை விட்டு நீங்க நேர்ந்தது. 1936 இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அவரை அங்கிருந்தும் விரட்டியது. 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய அரசு அவரது மகன் மரியோவைத் தடுப்புக்காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவரது எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார்.

போர்க்காலத்தில் இருவரும் கொடைக்கானல் மலையில் வாழ்ந்தனர். அங்கு நடத்திய சிறு பாடசாலையில் மலையும் ஓடையும் செடிகொடிகளும் பாடங்களாயின. நமது நாட்டைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அங்கு அவருக்கு உறுதுணையாக இருந்தார். 1944 இல் அம்மையார் இலங்கைக்கும் வருகை தந்தார். 1952 மே 6 ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்ட்வைக் நகரில் காலமானார்.

இவ்வரலாற்றை அறியும்போது நமது லயங்கள் நினைவுக்கு வருகின்றன. தாய் கொழுந்து பறிக்கச் செல்லும்போது பிள்ளையை ஆயம்மாவிடம் ஒப்படைக்கும் இடமே பிள்ளைக் காம்பரா. சான் லொரென்சோவில் சுவர்களைக் காப்பதற்காக ஓர் அறை திறக்கப்பட்டதுபோல், இங்கும் வேலை தடைப்படாதிருக்கவே அது அமைந்தது. இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் மாறியுள்ளன. பெயரோடு நோக்கமும் மாற வேண்டும் என்பதே நமது கருத்து.

பிள்ளை விரைவில் எழுத்தறிய வேண்டும் என்று தோட்டத்துப் பெற்றோர் விரும்புவதில் தவறில்லை. கல்வியே தோட்டத்துக்கு வெளியே வழி திறக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டவர்கள். ஆனால், சான் லொரென்சோவில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கியது அதட்டலினால் அன்று. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி விளையாடிப் பழகியே அவர்கள் எழுதினர். கையைப் பழக்கிய பின்னரே பென்சில் வசப்படும். கூழாங்கல்லை எண்ணுவதும் இலைகளை வகைப்படுத்துவதும் மண்ணில் கோடிழுப்பதும் அந்தப் பழக்கமே.

வட ஐரோப்பிய நாடுகளில் காட்டையே வகுப்பறையாகக் கொண்ட பாலர் பள்ளிகள் நடைபெறுகின்றன. நமது பிள்ளைகளுக்கோ மலை வாசலிலேயே இருக்கின்றது. எனினும் செங்குத்தான சரிவுகளையும் மருந்தடிக்கும் தேயிலை மலைகளையும் மறந்து அவர்களை வெளியே விட இயலாது. ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் வேலியிட்ட ஒரு துண்டு நிலமும், நல்ல தண்ணீரும், பயிற்சி பெற்ற ஆசிரியையும் வேண்டும். இவற்றை வழங்குவது தோட்ட நிருவாகங்களினதும் அரசினதும் கடமையாகும்.

தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த கல்வி முறை இன்று பல இடங்களில் வசதி படைத்தோரின் சொத்தாகி விட்டது. அதனை அதன் உரித்தாளர்களிடம், காலையில் தாயின் கைவிட்டுப் பிரியும் தோட்டத்துப் பிள்ளைகளிடம், திருப்பி ஒப்படைப்பதே அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.