பெயரற்ற குற்றத்துக்குப் பெயர் தந்தவர்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1948 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் தேதி உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டதைப் பலரும் அறிவர். அதற்கு முதல் நாள் அதே சபை, அதே பாரிஸ் நகரில், இனப்படுகொலையைத் தடுத்துத் தண்டிப்பதற்கான உடன்படிக்கையையும் நிறைவேற்றியது. அதன் பின்னணியில் இருந்தவர், எந்த நாட்டின் பிரதிநிதியாகவும் இல்லாத ஓர் அகதி. அவர் ரஃபேல் லெம்கின்.

இன்றைய பெலாரஸில், அன்றைய ரஷ்யப் பேரரசின் கிராமம் ஒன்றில், 1900 ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் லெம்கின் பிறந்தார். அவரது இளமைக்காலத்தில், ஆர்மீனியர்களின் அழிவுக்குக் காரணமாகக் கருதப்பட்ட ஒட்டோமான் அமைச்சர் தலாத் பாஷாவை 1921 இல் பெர்லினில் ஆர்மீனிய இளைஞர் ஒருவர் சுட்டுக்கொன்றார். ஒருவரைக் கொன்றவர் மீது வழக்கு உண்டு, பல லட்சம் பேரை அழித்தவர் மீது ஏன் இல்லை என்பது லெம்கினின் கேள்வியாயிற்று. தன் கோழிகளை அறுக்கும் பண்ணைக்காரரை எவரும் தடுக்க முடியாதது போலவே, தன் குடிமக்கள் விடயத்தில் ஓர் அரசையும் வெளியார் கேட்க முடியாது என்று பேராசிரியர் ஒருவர் விளக்கியதாக லெம்கின் பின்னாளில் எழுதினார். அந்த விளக்கத்தை அவர் ஏற்கவில்லை.

வார்சாவில் அரசு வழக்கறிஞராக இருந்தபோது, மனிதக் குழுக்களை அழிப்பதைச் சர்வதேசக் குற்றமாக்க வேண்டும் என்ற யோசனையை 1933 இல் மாட்ரிட் சட்ட மாநாட்டுக்கு அனுப்பினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. யோசனை ஏற்கப்படவில்லை.

1939 இல் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்ததும் லெம்கின் தப்பி ஸ்வீடனை அடைந்தார். பெற்றோர் ஊரை விட்டு வர மறுத்துவிட்டனர். ஸ்வீடனில் அவர் திரட்டியது, கைப்பற்றிய நாடுகளில் நாஜிகள் பிறப்பித்த ஆணைகளை. யாருக்கு எவ்வளவு உணவு என்பதைக் கூட இன அடிப்படையில் அவை வகுத்திருந்தன. தனித்தனியே பார்த்தால் நிர்வாக உத்தரவுகள். சேர்த்துப் படித்தால் ஓர் இனத்தையே இல்லாமல் செய்யும் திட்டம்.

1941 இல் அமெரிக்கா சென்ற அவர், இந்த ஆணைகளை ஆராய்ந்து 1944 இல் வெளியிட்ட நூலில் 'ஜெனோசைட்' என்ற புதிய சொல்லை அறிமுகப்படுத்தினார். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் இணைந்தது அது. தமிழின் 'இனப்படுகொலை'யும் இதே அமைப்பில் உருவான சொல்தான்.

நியூரம்பெர்க் விசாரணையின் குற்றப்பத்திரிகையில் அச்சொல் இடம்பெற்றது. 1946 இல் வந்த தீர்ப்பில் இடம்பெறவில்லை. பெற்றோர் உட்படத் தமது உறவினர் 49 பேர் அழிக்கப்பட்டதையும் லெம்கின் அக்காலத்திலேயே அறிந்தார்.

அதன் பின் அவர் ஐ.நா. அரங்குகளிலேயே நாட்களைக் கழித்தார். பிரதிநிதிகளைத் தேடிச் சென்று வாதிட்டார். கியூபா, இந்தியா, பனாமா ஆகிய மூன்று நாடுகள் முன்மொழிந்த தீர்மானம் 1946 டிசம்பரில் நிறைவேறியது. இரண்டு ஆண்டுகளில் உடன்படிக்கை வந்தது. ஆயினும், ஒரு குழுவின் பண்பாட்டை அழிப்பதும் குற்றமே என்ற பகுதி பேச்சுவார்த்தையில் நீக்கப்பட்டது. லெம்கினுக்கு அது பெரும் இழப்பு.

இலங்கை 1950 இலும், இந்தியா 1959 ஆகஸ்ட் 27 ஆம் தேதியும் உடன்படிக்கையில் இணைந்தன. மறுநாள் நியூயார்க்கில் மாரடைப்பால் லெம்கின் காலமானார். வறுமையில் வாழ்ந்த அவரது இறுதிச் சடங்கில் மிகச் சிலரே கலந்துகொண்டனர். அவருக்கு அடைக்கலம் தந்த அமெரிக்கா 1988 இல்தான் உடன்படிக்கையை உறுதி செய்தது.

ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1998 இல் முன்னாள் நகரத் தலைவர் ஒருவரை இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அக்குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பு அது. உடன்படிக்கை பிறந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. சட்டம் கொலைகளைத் தடுத்துவிடவில்லை. எனினும், தன் குடிமக்களை ஓர் அரசு என்ன செய்தாலும் அது உள்நாட்டு விவகாரமே என்ற பழைய விளக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது, பெருமளவு லெம்கினின் பிடிவாதத்தால்தான்.