நான்கு அனுமதிச் சீட்டுகள்

முயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், உழைத்தவர் எல்லாரும் உயர்வர் என்று நாம் தயங்காமல் எழுதிவிடுகிறோம். விஞ்ஞானி மைக்கேல் பாரடேயின் வாழ்க்கையைப் படித்தபோது, அவ்வாறு எழுத நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டாயிற்று.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டனை அடுத்த ஓரிடத்தில் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பாரடே பிறந்தார். தந்தையோ நோயாளி. எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவரது பள்ளிப்படிப்பு முடிந்தது. 1805-இல், பதினான்கு வயதில், ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பழகத் தொடங்கினார்.

அந்தக் கடையே அவருக்குக் கிடைத்த முதல் நல்வாய்ப்பு. வேறு பட்டறைக்குப் போயிருந்தால் அவர் கைக்கு நூல்கள் வந்திரா. பைண்டு செய்ய வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிப் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூலையும் படித்தார். முதலாளி அவரைத் தடுக்கவில்லை.

1812-இல் கடைக்கு வாடிக்கையாக வந்த வில்லியம் டான்ஸ் என்பவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்பிரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுகள் தந்தார். பாரடே கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தாமே அழகாக பைண்டு செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். டேவி அன்பாகப் பேசினாலும் இடம் காலியில்லை என்று கூறிவிட்டார்.

சில வாரங்களில் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலையை இழந்தார். டேவிக்குப் பாரடேயின் நினைவு வந்தது. 1813 மார்ச்சு முதல் நாள் பாரடே அந்தப் பணியில் அமர்ந்தார். 1831-இல், காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் அசைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்று கண்டறிந்தார். இன்றைய மின் உற்பத்தி நிலையங்களின் ஜெனரேட்டர்கள் அந்தத் தத்துவத்தால்தான் இயங்குகின்றன.

பாரடே உழைக்காமல் உயர்ந்தார் என்று நாம் சொல்லவில்லை. குறிப்பேடு தயாராக இல்லையேல் வந்த வாய்ப்பு வீணாகியிருக்கும். ஆயினும் டான்ஸ் அக்கடைக்கு வராதிருந்தால்? அந்தச் சண்டை நடவாதிருந்தால்? அதே திறமையும் உழைப்பும் உடைய பாரடே, ஆயுள் முழுவதும் பிறர் எழுதிய நூல்களைத் தைத்துக்கொண்டே இருந்திருப்பார். அவரை நாம் சோம்பேறி என்று சொல்ல முடியுமா?

இக்கேள்வி நம்மையும் தொடுகிறது. நம்முடன் தொடக்கப் பள்ளியில் படித்த தோழியர் சிலர் இன்று வகுப்பில் இல்லை. அவர்கள் நம்மைவிட அறிவில் குறைந்தவர்கள் அல்லர். நமக்குப் பெற்றோரும் அருட்சகோதரிகளும் நீட்டிய சீட்டு அவர்கள் கைக்கு எட்டவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நாம் பெருமை கொள்ளும் வேளையில் இதை மறந்துவிடுகிறோம்.

பாரடே மறக்கவில்லை போலும். புகழ் பெற்ற பின்னரும், 1827 முதல் 1860 வரை 19 முறை, கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர் சிறுமியருக்காக அதே மன்றத்தில் விஞ்ஞானச் சொற்பொழிவுத் தொடர்களை ஆற்றினார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

நாமும் உழைப்போம், பெற்ற வாய்ப்புக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். நாளை நம் கையில் ஓர் அனுமதிச் சீட்டு இருக்குமானால், வாசலில் நிற்கும் ஒருவருக்கு அதை மனமுவந்து கொடுப்போம்.